முப்பத்து நாலு அடித் தண்ணீர்

கல்முனைக் கடையொன்றில், மேசன்மார் மட்டம் பார்க்கிற, கண்ணாடிபோல உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை இன்று சுருள் அவிழ்த்தார்கள். அந்தப் புது வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு முகம் சுட்டது; நினைவில், பின்னாளில் சுனாமியில் கடல் கொண்டுபோன எங்கள் பள்ளிக்கூடத்து முற்றத்தில், உப்புக்காற்றில் ஓயாமல் ஓலை உரசுகிற தென்னையின் கீழ் மறுபடி மாணவனாய் நின்றேன்.

காற்றழுத்தம் அளக்கும் பாரமானிக்குப் பாதரசம் இல்லாததால் விஞ்ஞான சேர் குழாய் நிறையத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை இறுக அடைத்து, மறுமுனையை வாளித் தண்ணீரில் அமிழ்த்தியிருந்தார். அடைத்த முனையை இடுப்பில் கட்டி, காலில் மரமேறும் தளைநார் மாட்டிக்கொண்டிருந்தவர், ஊரெல்லாம் தேங்காய் பறிக்கிற என் வாப்பா.

"உன்ட வாப்பாவாடா?" என்றான் பக்கத்தில் நின்ற றிஸ்வான்.

"சீ, இல்லடா. எங்கட வளவுல தேங்காய் பறிக்கிற ஆள்."

கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன்.

உச்சியிலிருந்து வாப்பாவின் குரல் வந்தது: "சேர், நான் ஏறுறன், தண்ணி ஏறுதில்ல!"

"ஓம், முப்பத்து நாலு அடியோட நிண்டிரும்," சேர் சிரித்தார். "வெளிக்காத்தால தூக்க ஏலுமான பாரம் அவ்வளவுதான். இரசம் பதிமூண்டரை மடங்கு பாரம், அது ரெண்டரை அடியிலயே நிண்டிரும்."

எல்லோரும் கைதட்டினார்கள். நான் சொன்னது வாப்பாவுக்குக் கேட்டிருக்குமோ என்று நான் அண்ணாந்தபடியே நின்றேன்.

இறங்கினார். வீட்டில் "டேய் மகன்" என்று கூப்பிடுகிற மனுசன், நெஞ்சில் ஒட்டிய பட்டைத்தூளைத் தட்டியபடி, என் முகத்தைப் பாராமல் சொன்னார்:

"தம்பி, அந்த வாளியக் கொஞ்சம் தள்ளி வைங்க."