குரூப்பிலிருந்து தூக்கப்பட்ட கோல்கீப்பர்

கல்லூரியின் கால்பந்து கோச் ஞானசிகாமணி மாஸ்டர் ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடியவராம். ரிச்சர்ட்ஸ் டவுன் பேக்கரியில் யாரோ சொன்னதாகக் கல்லூரிப் பையன்கள் சொல்வார்கள். உண்மையில் அந்த அணிக்குத் தண்ணீர் பாட்டில் தூக்கியவர் அவர். அது வெளியே தெரியாமல் இருக்கத்தான் இருபது வருஷமாக விசிலை இவ்வளவு சத்தமாக ஊதுகிறார்.

இந்த சீசனில் ஐந்து ஆட்டம், ஐந்தும் தோல்வி. ஆறாவதும் போனால் கோச் வேலையும் போகும் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். அணியில் உருப்படியாக ஆடுபவன் கோல்கீப்பர் இளவழகன் ஒருவன்தான். தங்கவயலிலிருந்து ரயிலில் வருகிறவன். போன வாரம் பயிற்சிக்குப் பத்து நிமிஷம் பிந்திவிட்டான்.

"ரயில் லேட், மாஸ்டர்."

"அப்ப ரயிலையே கோல்ல நிறுத்திக்கிறேன். நீ போடா!" என்று அப்போதே அவனை வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து தூக்கினார்.

இன்று சாயங்காலம் நடக்கவேண்டிய ஆறாவது ஆட்டம் காலை எட்டு மணிக்கு மாறிய செய்தியை நேற்று அதே குரூப்பில்தான் போட்டார்.

இப்போது மணி ஏழு ஐம்பத்தைந்து. கோல் கம்பங்களுக்கு நடுவே ஆளில்லை.

"ஒருத்தனும் அவன்கிட்ட சொல்லலையாடா?"

"அவன்கூட பேசுனா பெஞ்சுல உட்காரவெப்பேன்னு நீங்கதானே சொன்னீங்க, மாஸ்டர்," என்றான் கேப்டன்.

மாஸ்டர் போனைக் காதில் வைத்தார். "எடு கண்ணு, எடு ராஜா," என்று கெஞ்சினார். நடுவர் விசில் ஊதினார். ரிங் போய்க்கொண்டே இருந்தது.