எஸ். ஆரோக்கியசாமிக்கு வந்த பார்சல்

அமெரிக்காவுக்கென்று ஒரு வாசனை உண்டு என்று நம்பியவள் நான். அட்டையும் கம் டேப்பும் பிளாஸ்டிக்கும் கலந்த, கொஞ்சம் குளிர்ந்த வாசனை... பெட்டியைக் கிழித்த முதல் நிமிஷம் மட்டும்தான் இருக்கும். அப்புறம் நம் வீட்டு மீன் குழம்பு அதை அமுக்கிவிடும்.

அப்போது மலேசியாவில் எங்கள் ஊரான கெலாங் பாத்தாவிலிருந்து தினமும் பஸ்ஸில் செக்கண்ட் லிங்க் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். ஃபேக்டரியில் டெக்னீஷியன். கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் புதுப் போன் பற்றிப் பேசுவார்கள். எனக்கோ இ-புக் ரீடர் பைத்தியம். போக வர மூன்று மணி நேரம், படித்துக்கொண்டே போகலாமே!

ஆனால் அமெரிக்கக் கடைக்காரர்கள் அதை மலேசியாவுக்கு அனுப்ப மாட்டார்களாம். எத்தனை தரம் நம் அட்ரஸைப் போட்டாலும் அதே சிவப்பு எழுத்து. அலமாக், நாங்கள் என்ன பாவம் செய்தோம்?

ஃபேக்டரித் தோழி ஒருத்திதான் பார்சல் ஃபார்வர்டிங் பற்றிச் சொன்னாள். பதிந்துகொண்டால் அமெரிக்காவில் நமக்கென்று ஒரு அட்ரஸ் கிடைக்கும். கடைக்காரன் பொருளை அங்கே அனுப்புவான். அந்தக் கிடங்கில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு நம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு கடையில் ரீடர் வாங்கினேன், இன்னொரு கடையில் அதற்கு ஒரு பிங்க் கவர்.

தப்பு நடந்தது ஃபாரத்தில். 'லாஸ்ட் நேம்' என்ன என்று கேட்டது. நமக்கு ஏது லாஸ்ட் நேம்? அடையாள அட்டையான ஐசியில் இருக்கிறபடி அப்பா பெயரைப் போட்டேன். ஸ்டெல்லா ஆரோக்கியசாமி. அங்கே யாரோ அதைச் சுருக்கி, லேபிளில் 'எஸ். ஆரோக்கியசாமி' என்று அடித்துவிட்டார்கள்.

என் தாத்தா பெயர் சவரிமுத்து. அப்பா ஆயுசுக்கும் கையெழுத்துப் போட்டதும் எஸ். ஆரோக்கியசாமி என்றுதான்.

பார்சல் பத்து நாள் கஸ்டம்ஸில் தூங்கியது. கேண்டீனில் சோறு ஆறிப் போகும், நான் டிராக்கிங்கைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கடைசியில் 'டெலிவர்ட்' என்று வந்த அன்று பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினேன் என்றே சொல்லலாம்.

வீட்டு வாசலிலேயே அந்த வாசனை. உள்ளே அப்பா, மடியில் என் ரீடர். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டு மலாய் அக்கா கக் நூரிடம், "அனாக் சாயா பெலி! என் மக வாங்குனது, அமெரிக்காவுலேர்ந்து!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் லேபிளைத் திருப்பிக் காட்டினார். "பேர பாரும்மா. என் பேருலயே அனுப்ப வச்சிருக்க. எனக்கு இந்த மாதிரி வெளிநாட்டுலேர்ந்து எதுவுமே வந்தது இல்ல, தெரியுமா?"

'அப்பா, அது என்னோடது.' மூன்றே வார்த்தை. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடுப்படியில் நின்ற அம்மா கண்ணாலேயே என்னை அடக்கினார்.

"இதுல எழுத்து பெருசாகுதும்மா," என்று அப்பா பட்டனை அமுக்கிக் காட்டினார். "தமிழும் வருமா?"

அந்தக் கேள்வி எதற்கென்று எனக்குத் தெரியும். சர்ச்சில் ஞாயிறு பூசைக்கு வாசகம் வாசிப்பவர் அப்பா. மூன்று மாதமாக "தொண்ட சரியில்ல ஃபாதர்" என்று தப்பித்துக்கொண்டிருந்தார். தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. கண்ணாடியை மாற்றியும் எழுத்துதான் தெரியவில்லை.

"வரும்பா," என்றேன்.

எங்கே வந்தது? தமிழை ஏற்றினால் கட்டம் கட்டமாகக் காட்டியது. எரிச்சலில் அதைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. பிறகு சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து, மறுநாள் வாசகத்தை லேப்டாப்பில் பெரிய எழுத்தில் டைப் செய்து, படமாக மாற்றி ஏற்றினேன். பக்கத்துக்கு ஆறு வரி.

முதல் ஞாயிறு. அப்பா வெள்ளைச் சட்டையும் பிங்க் கவருமாக மேலே ஏறினார். பாடகர் குழுவில் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது... என் ரீடர் போச்சே என்று ஒரு கண், அப்பா வாசிக்கிறாரே என்று ஒரு கண்.

பஸ்ஸில் வழக்கம்போல் தூங்கிக்கொண்டே போனேன்.

அந்த ரீடர் செத்துப் பல வருஷமாகிறது. அப்பா கண் ஆபரேஷன் செய்துகொண்டார். இப்போது அவரே போனில் ஆர்டர் போடுகிறார், டார்ச் லைட், தண்ணீர்க் குழாய் என்று. ரெண்டே நாளில் வந்துவிடும். டெலிவரி ரைடர் போன் செய்தால் அவருக்குக் காது கேட்பதில்லை, அதனால் எல்லாம் என் பெயரில்தான். நானும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். வாங்கி, பிரிக்காமல் அவர் மேசையில் வைத்துவிடுவேன்.

போன வாரமும் ஒன்று வந்தது. மேசையில் வைத்தேன். மூன்றாம் நாள் காலை அப்பா பொறுமை இழந்துவிட்டார்.

"ஏம்மா, இத பிரிக்கவே மாட்டியா?"

"உங்களோடதுதானப்பா?"

"பேர பாரு. உன் பேருதான் போட்டிருக்கு."

பிரித்தேன். இ-புக் ரீடர். கூடவே ஒரு பிங்க் கவர்.

"அப்பா... உங்களுக்குத் தெரியுமா?"

"பிங்க் கவர எந்த மக அப்பனுக்கு வாங்குவா? மொத நாளே தெரியும்லா. நீ கேட்டா குடுத்துடலாம்னுதான் இருந்தேன். நீ கேக்கவே இல்லியே..."

பெட்டிக்குள் முகத்தை விட்டு மோந்து பார்த்தேன். அந்தப் பழைய வாசனை இல்லை. இங்கேயே ஷா ஆலம் கிடங்கிலிருந்து வந்த பெட்டியில் அது எப்படி இருக்கும்? ஆனாலும் பெட்டியைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, என் அலமாரி மேல்தான் இருக்கிறது.