பொம்பேரோ தின்ற மூன்று வாரம்

மனைவி தியோலிந்தா கொடுக்கும் பிரஷர் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, மூலிகை போட்ட குளிர்ந்த தெரெரே பானத்தைக் குழலில் ஓர் இழுப்பு இழுத்து, "ஆச்சு" என்பார் செவெரியானோ. உடனே எழுந்து தன் பஞ்சர் கடைக்குள் போய்விடுவார். அந்த அவசரத்தை மகள் மிர்னா பல வருடங்களாகப் பார்த்திருக்கிறாள். வேலைமேல் அப்பாவுக்கு அவ்வளவு பிரியம் என்று நினைத்திருந்தாள். வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் அவள்தான். இருந்தும் அப்படித்தான் நினைத்தாள்.

ஒரு சனிக்கிழமை மதியம், கடை நாய் பொம்பேரோ கால்கள் பின்ன லாரி டயர்மேல் சாய்ந்து விழுந்தது. பக்கத்தில் வால்வு மூடி போட்டுவைக்கும் தகர டப்பா கவிழ்ந்து கிடந்தது. அதன் ஓரத்தில் பாதி மாத்திரை ஒட்டியிருந்தது.

"என் மாத்திரையத் தின்னுட்டான்" என்றார் செவெரியானோ.

தியோலிந்தா பால் கிண்ணத்தோடு ஓடி வந்தாள். "வாயப் புடி, பால் முறிச்சிடும்!"

"ஊத்தாதம்மா!" மிர்னா அதற்குள் கால்நடை மருத்துவரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"பாலும் வேணாம், உப்புத் தண்ணியும் வேணாம்" என்றது மருத்துவரின் குரல். "மயக்கத்துல ஊத்தினா நுரையீரலுக்குப் போயிடும். வாந்தியும் எடுக்க வைக்காதீங்க. என்ன மாத்திரை? எத்தனை தின்னுச்சு?"

மிர்னா மாத்திரை அட்டையைப் பார்த்துப் பெயரை வாசித்தாள். எண்ணிக்கைக்கு அப்பாவைப் பார்த்தாள்.

"ஒண்ணு. கீழ விழுந்திருச்சு."

"ஒண்ணுதான்னா பயமில்ல. வீட்லயே வச்சுப் பாருங்க."

பொம்பேரோ எழப் பார்த்தது, மறுபடி விழுந்தது. செவெரியானோ நாயைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"ஒண்ணு இல்ல டாக்டர். மூணு வாரத்துது. நாக்குக்கு அடியில வச்சிருந்து அந்த டப்பால துப்பிருவேன். மாசம் ஒருக்கா குப்பையில கொட்டுவேன். இந்த மாசம் இன்னும் கொட்டல."

"அடப்பாவி! அது நாக்கா, அலமாரியா?" என்றாள் தியோலிந்தா.

"உடனே கொண்டு வாங்க. அட்டையையும் எடுத்துட்டு வாங்க!"

ஒரே மோட்டார் சைக்கிளில் மூவரும் நாயும் போனார்கள். மருத்துவர் ஊசி போட்டு டிரிப்ஸ் ஏற்றினார். பொழுது சாய்கிற நேரத்தில் பொம்பேரோ கண் திறந்து, முதல் வேலையாக டிரிப்ஸ் குழாயைக் கடித்தது.

"இதுக்கு இறங்கின பிரஷர் ஏறிடுச்சு. ஒண்ணுன்னு நெனச்சு வீட்லயே வச்சிருந்தா போயிருக்கும்" என்றார் மருத்துவர். "ஆமா, உங்க பிரஷர் எப்படி இருக்கு?"

"இந்த ஆளுக்கு நான் ஏத்திவிடறேன் டாக்டர்" என்றாள் தியோலிந்தா. பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "சொல்லு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வேற எதையெல்லாம் முழுங்கிட்டேன்னு சொல்லித் துப்பின?"

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."

இப்போது தினமும் மாத்திரையை விழுங்கிவிட்டு நாக்கைத் தூக்கிக் காட்டுகிறார். தன் உடம்புக்காகச் சொல்லாததை நாய்க்காகச் சொன்ன மனிதரை எப்படி எடுத்துக்கொள்வதென்று மிர்னாவுக்கு இன்னும் பிடிபடவில்லை. தியோலிந்தாவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. அவர்கள் வீடு திரும்பி நான்கு வருடம் ஆகிறது. பதில் இன்னும் பாக்கி. அவளும் விடுவதாயில்லை.