பாறைக் காற்று

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெட்டி நிறைய சாக்லேட் கொண்டுவர வேண்டும் என்பதை நான் ஒரு சட்டமாகவே வைத்திருந்தேன். அதை முதலில் மீறியவர் என் அத்தை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமாகி, பாதி வருடம் பனி கொட்டும் ஒரு நாட்டுக்குப் போனவர். நான் ஐந்தாவது முடித்த பரீட்சை லீவில், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்போது, ஒரு மாத லீவில் வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்ததும் எல்லோருக்கும் முன்னால் கையை விட்டவன் நான்தான். சோப்பு டப்பா அளவில் வெள்ளையாக ஒன்று அகப்பட்டது. முகப்பில் சின்னத் திரை, அதில் எண்கள். கேம் என்று நினைத்து அழுத்தக்கூடாத இடமெல்லாம் அழுத்தினேன்.

"அது வெளையாட்டுச் சாமான் இல்ல சாமி. ஊட்டுக் காத்தை அளக்கற மிசினு" என்றார் அத்தை.

"அளந்து லிட்டர் கணக்குல விக்கப் போறீங்களா அத்தை?" என்று கேட்டேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தார். என் வாய்க்கு என் முதுகு பதில் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம்.

எங்கள் வீடு திருச்செங்கோட்டுக்கு வெளியே ஒரு பாறைச் சரிவில் இருக்கிறது. வாசல் ரோட்டு மட்டத்தில் இருக்கும். உள்ளே படியிறங்கினால் பாறையை உடைத்துக் கட்டிய கீழறை. அதன் ஒரு பக்கச் சுவர் பூசாத பாறையேதான். அக்கினி நட்சத்திரத்திலும் ஃபேன் இல்லாமல் தூங்கலாம். அப்பா போர் போடும் ரிக் வண்டியில் வேலை செய்தவர். கர்நாடகா, ஆந்திரா என்று மாதக்கணக்கில் போவார். வீடு திரும்பினால் குளித்துவிட்டு நேராகக் கீழறையில் போய் விழுவார். அந்தப் பாறைச் சுவரைத் தட்டித் தட்டி வருகிறவர்களிடம் பெருமை பேசுவார். பாறைத் தூளிலேயே வாழ்ந்த மனிதர் வீட்டுக்கு வந்தும் பாறையோடுதான் படுத்துக்கொண்டார்.

அத்தை வருவதற்கு முன்பும் போனில் அடிக்கடி பேசுவார். அப்பா ஏதாவது சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு இருமலில் போய் முடியும். இருமி முடிக்கும் வரை அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. லைன் கட்டாகிவிட்டது என்று நான் போனைப் பிடுங்கி ஹலோ ஹலோ என்று கத்துவேன்.

சரி, மிசினுக்கு வருவோம். அத்தை அதைக் கீழறையில் வைத்துவிட்டுச் சில நாள் விட்டுப் போய்ப் பார்த்தார். நானூற்றைத் தாண்டிக் காட்டியது. பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு மார்க்கை நான் கண்டதே இல்லை என்பதால் கை தட்டினேன். அத்தை முகம் வெளுத்துவிட்டது. "இது நூத்துக்குக் கீழ இருக்கோணும்டா" என்றார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்தபோது பேச்சை எடுத்தார். பாறைக்கு அடியிலிருந்து ரேடான் என்று ஒரு வாயு கசியும், தரை வெடிப்பு வழியாக மேலே வரும், காற்றோட்டம் இல்லாத அறையில் தேங்கும், வருடக்கணக்கில் அதையே சுவாசித்தால் நுரையீரலுக்குக் கேடு. அங்கே அத்தை வீட்டிலும் அது இருந்ததாம், குழாய் போட்டு வெளியேற்றினார்களாம்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "ஏ அம்மணி, இருவது வருசமாப் பாறையில ஓட்டை போடறவன் நானு. பாறையிலிருந்து தூளு வரும். நேரம் நல்லாருந்தாத் தண்ணி வரும். காத்து வந்து நான் பாத்ததில்ல."

"அது கண்ணுக்குத் தெரியாதுங்கண்ணா. மோந்தாலும் தெரியாது."

"அப்பப் பேயாட்டமா?" என்றேன் நான்.

"பேயின்னா பொழுது விடிஞ்சாப் போயிரும். இது போவாது."

"குளுருக்குச் செஞ்ச மிசினு. நம்மூரு வெயில்ல மண்டை கலங்கிருக்கும்" என்று சொல்லி அப்பா சிரித்தார். சிரிப்பு வழக்கம்போல இருமலானது. அத்தை தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

அப்புறம் ஆரம்பித்தது சண்டை. அப்பா தலையணையோடு கீழே இறங்க வந்தால் அத்தை படியில் குறுக்கே உட்கார்ந்துகொள்வார். தாண்டிப் போக அப்பாவுக்கு மனம் வராது. கட்டின வீட்டுத் தரையை உடைப்பதா, அதுவும் நன்றாக இருக்கும் தரையை, என்பது அவர் கட்சி. அம்மா எப்போதும் அப்பா பக்கம்தான் பேசுவார். அந்த ஒரு தடவை கட்சி மாறிவிட்டார். "ஏனுங்க, உங்க தங்கச்சி அத்தனை தூரத்துலருந்து சொமந்துட்டு வந்துருக்குது. அது சொல்றதையும்தான் ஒருக்காக் கேளுங்களே."

எனக்கு ஒரே கவலை, அறையைப் பூட்டிவிடுவார்களோ என்பது. டிவி கீழேதான் இருந்தது.

கடைசியில் அத்தை ஒரு வார்த்தை சொன்னார். "ஊரூராப் போயி யார் யாருக்கோ ஓட்டை போட்டீங்க. தங்கச்சி கேக்கறேன், எனக்கொரு ஓட்டை போட மாட்டீங்களாண்ணா?"

அப்பா பாறைச் சுவரை ஒரு தட்டுத் தட்டினார். "எந்த எடத்துல?" என்று கேட்டார்.

தரையில் கையகல ஓட்டை போட்டு, அடியில் ஒரு கூடை மண்ணை எடுத்து, குழாயை இறக்கி, மொட்டை மாடிக்கு மேலே வரை கொண்டுபோக வேண்டும். குழாயின் நடுவில் ஒரு ஃபேன் மாட்ட வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஆனால் ஓட்டை போடுகிறவர் என் அப்பா. எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைக்காமல் பூமியில் கை வைக்க மாட்டார். வாடகைக்கு எடுத்த துளை போடும் மிசினுக்கும் மஞ்சள், குங்குமம் வைத்தார். கற்பூரத்தைக் கண்டதும் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார். அவர் சொல்லி இன்னும் நாலு பேர். வீட்டுக்குள்ளேயே போர் போடுகிறார்கள் என்று தெருவில் பேச்சு.

"ஊட்டுக்குள்ள எத்தனை அடி போறீங்க?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"அரை அடி" என்றார் அப்பா.

"அரை அடியில என்னங்க வரும்?"

"என்ற தங்கச்சியைக் கேளுங்க."

ஓட்டை விழுந்தது. மண்ணை அள்ளிப்போட்டுவிட்டு எல்லோரும் மோர் குடிக்க மேலே போனார்கள். எனக்கு மோர் பிடிக்காது. ஒரு சொம்புத் தண்ணீரை ஓட்டைக்குள் ஊற்றிவிட்டு நல்ல பிள்ளையாக மூலையில் உட்கார்ந்துகொண்டேன். அப்பா வந்தார். கைப் பழக்கத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார். குனிந்து விரல் விட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்!

"ஈரமிருக்குது! ஏனுங்க, வந்து பாருங்க, அரை அடியில ஈரம்!"

பக்கத்து வீட்டுக்காரர் மோரோடு இறங்கி வந்தார். என் வீட்டிலும் அரை அடி போட்டுவிடுங்கள் என்று சொல்லும் கட்டத்துக்குப் போய்விட்டார். அத்தைதான் என் சட்டை நனைந்திருப்பதைப் பார்த்தார். காது திருகலில் உண்மை வெளியே வந்தது. அப்பா அடிக்கக் கை ஓங்கினார், ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது.

சிரிப்பு அடங்கியதும் குழாயை இறக்கினார்கள். சுற்றிலும் பூசினார்கள். ஃபேனை அப்பாவே மாட்டி ஸ்விட்சைப் போட்டார். "பத்தவெய்யி பத்தியை" என்றார் அத்தை. அம்மா ஊதுபத்தி கொளுத்தித் தந்தார். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க, தரை ஓரத்து வெடிப்புக்குப் பக்கத்தில் பிடித்தார்கள். புகை குபுகுபுவென்று மேலே பறந்தது. வெடிப்பிலிருந்து சிமெண்டுத் தூளும் கிளம்பியது. சுவர் மூலையிலிருந்து ஓர் எறும்புக் குடும்பம் மூட்டை முடிச்சோடு வெளியேறியது.

"பாத்தியா!" என்றார் அப்பா. ரிக்கில் தூள் மேலே வந்தால் அவருக்கு எப்படி இருக்குமோ அப்படி நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"அண்ணா! ஃபேனைத் திருப்பி மாட்டிட்டீங்க! அது அடியிலருந்து உறிஞ்சோணும். நீங்க அடிக்குக் காத்தை அடிக்கறீங்க!"

"கீழ காத்தை அடிச்சாத்தானே எல்லாம் மேல வரும்?"

தப்பு அவர் மேல் இல்லை. போர் வேலையே அப்படித்தான். கம்பிரசர் காற்றைக் குழாய் வழியாகக் கீழே செலுத்தினால்தான் பாறைத் தூள் ஓட்டை வழியாக மேலே வரும். ஆயுசு முழுக்கப் பூமிக்குள் ஊதியே பழகிய மனிதருக்கு, பூமியிலிருந்து உறிஞ்சுவது என்று ஒன்று இருப்பதே தெரியாது. இப்போது அடியிலிருந்த கெட்ட காற்றையெல்லாம் அவரே அறைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். தூள் தொண்டையில் ஏறி இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். நிற்கவே இல்லை. அத்தை ஸ்விட்சை அணைத்துவிட்டு அவர் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். நான் எறும்புகளுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தேன்.

ஃபேனைத் திருப்பி மாட்டினார்கள். மறுபடி பத்தி. இந்தத் தடவை புகை மேலே போகாமல், யாரோ கீழிருந்து கூப்பிட்டதுபோல வளைந்து, வெடிப்புக்குள் இறங்கிப் போயிற்று. அப்பா அதையே வெகுநேரம் பார்த்தார். "இதென்றா அதிசயமா இருக்குது" என்றார். பிறகு வெடிப்புகளையெல்லாம் அவர் கையாலேயே பூசி அடைத்தார்.

நாலைந்து நாளில் எண் இறங்கி நூற்றுக்குக் கீழே வந்தது. என் டிவி பிழைத்தது.

"நாஞ் சொன்னதொண்ணு கேட்டீங்க. இன்னொண்ணும் கேட்டுருங்கண்ணா" என்றார் அத்தை. மறுநாள் இரண்டு பேரும் சேலம் பஸ் ஏறிப் போனார்கள். என்னைக் கூட்டிப்போகவில்லை. சாயங்காலம் ஒரு பை மாம்பழத்தோடு வந்தார்கள். இருவருக்கும் கண் சிவந்திருந்தது. ஜன்னல் ஓரக் காற்று என்றார் அத்தை. இரண்டு பேருமா ஜன்னலோரம் உட்கார்ந்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன், கையில் மாம்பழம் இருந்ததால் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு அப்பா ஓட்டை போடும் இடத்தில் நிற்பதை விட்டுவிட்டார். ஊரிலேயே இருந்து வண்டிக்கு ஆர்டர் பிடிக்கும் வேலை. முதலாளி ஆகிவிட்டார் என்று பள்ளிக்கூடத்தில் அளந்துவிட்டேன்.

அத்தை மிசினை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் வரும். "அந்தப் பொட்டியில என்ன காட்டுது?" என்பார். கீழறையில் போன் எடுக்காது என்பதால், கீழே போய்ப் பார்த்துவிட்டுப் படியேறி வந்து சொல்ல வேண்டும்.

"நான் ஓடிப் பாத்துட்டு வாரேன் அத்தை!"

"நீ வேண்டாம் சாமி. உங்கப்பனையே போச் சொல்லு."

எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஒரு சொம்புத் தண்ணிக்காக இத்தனை வருடம் நம்பாமல் இருப்பார்களா? அப்பா இறங்கிப் போவார், ஏறி வருவார், போனை வாங்கி எண்ணைச் சொல்வார். "செரிங்கண்ணா" என்பார் அத்தை. அவ்வளவுதான். ஒரு தடவை பேட்டரி தீர்ந்து திரை செத்தே கிடந்தது. அப்பா ஏறி வந்து, "ஒண்ணுமே தெரியல அம்மணி" என்றார். அதற்கும் அத்தை, "செரிங்கண்ணா, நல்லாத்தான் இருக்குது" என்றார். வெளிநாட்டுக்குப் போனால் காது மந்தமாகிவிடும் போல என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

அந்த மாம்பழ நாளில் சேலத்தில் அப்பாவின் நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்தார்கள் என்பதும், பாறைத் தூள் உள்ளே தங்கிவிட்டது, இனி அதன் பக்கத்தில் நின்றால் ஆகாது என்று டாக்டர் சொன்னார் என்பதும் ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அத்தைக்குப் போனில் வேண்டியிருந்தது எண் அல்ல. படியேறி வந்த மனிதர் எண்ணைச் சொல்வதற்கு முன்னால் விடுகிற மூச்சு. அது திணறுகிறதா, சீராக வருகிறதா என்று கடலுக்கு அந்தப் பக்கமிருந்து காது கொடுத்துக்கொண்டிருந்தார். அண்ணனை டாக்டரிடம் நெஞ்சைக் காட்டச் சொன்னால் சண்டைக்கு வருவார் என்று தரையில் ஆரம்பித்த மகராசி. அவர் புண்ணியத்தில் என் அப்பா இன்றைக்கும் அந்தப் படியில் ஏறி இறங்குகிறார்.

பத்தாவதோடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவராமல் போய், இப்போது நானும் ரிக் வண்டியில்தான் இருக்கிறேன். முகத்தில் மாஸ்க் இல்லாமல் ஓட்டைப் பக்கம் போவதில்லை. "மாப்பிள்ளைக்கு மேக்கப்பு கலையாம இருக்கோணுமாமா" என்று வண்டியில் கேலி செய்வார்கள். செய்யட்டும், நான் செய்யாத கேலியா?

ஞாயிற்றுக்கிழமை ஆனால் எந்த ஊரில் இருந்தாலும் வண்டிச் சத்தம் இல்லாத இடமாகப் பார்த்து நின்று வீட்டுக்குப் போன் போடுகிறேன்.

"அந்தப் பொட்டியில என்னங்கப்பா காட்டுது?"

"உனக்கும் அந்தக் கிறுக்கு புடிச்சிருச்சா? சித்த இரு, பாத்துட்டு வாரேன்."

செருப்புச் சத்தம் படியில் இறங்குகிறது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொள்கிறேன்.