பதினைந்து நாள் லிஃப்ட் இல்லை

லிஃப்ட் ஓடும்வரை மெக்கானிக் என்று ஒருவன் இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. நின்றுவிட்டால், நான் எங்கோ உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பதாகக் கட்டடமே சத்தியம் செய்யும். போன் அடித்தாலே திட்டு விழும் வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மாட்டிக்கொண்ட இருவர்

மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு நாலு மாடிக் கட்டடம். லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே கதவைத் திறப்பது எங்கள் வழக்கம். உள்ளே இருப்பவருக்குப் பயம் குறையும்.

"எத்தனை பேர் சார் உள்ளே?" என்றேன். "ரெண்டு பேர்." "கூட இருக்கிறவர் யார்?" உள்ளே யாரோ தொண்டையைக் கனைத்தார். பிறகு, "எதிர் ஃப்ளாட். வெள்ளைக் கார்" என்று பதில் வந்தது. கதவைத் திறந்தபோது இருவரும் ஒருவரையொருவர் பெயர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் ஏழுமலை என் காதோடு சொன்னார்: "ஏழு வருசமா எதிரெதிர் வூட்ல கீறாங்க. பேசிக்கினதே இன்னிக்குத்தான்."

நோட்டீஸ் ஒட்டிய அன்று

அடுத்த வருஷம் அதே லிஃப்டுக்கு மோட்டார் முதல் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. பதினைந்து நாள் லிஃப்ட் ஓடாது என்று நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தேன். நாலாவது மாடி ஜெயா மாமி அதைப் படித்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தார். அவர் கணவர் சேஷாத்ரி சாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். போகும்போது எப்படியாவது இறங்கிவிடுவார். திரும்பி வரும்போது நிற்கக்கூடத் தெம்பிருக்காது. போகாமல் இருந்தாலோ மூச்சு முட்டும்.

எனக்கே குற்றவாளி மாதிரி இருந்தது. மூன்றாவது மாடியில் நாலு ஐ.டி. பையன்கள் இருக்கிறார்களே, கேட்டுப் பாருங்களேன் என்றேன். மாமியின் முகம் வாடிவிட்டது.

"அவா ஆத்து வாசல்ல ஷூ இறைஞ்சு கிடக்குன்னு போன மாசம்தான் வாட்ஸ்அப் குரூப்ல எழுதினேன். எந்த மூஞ்சிய வச்சுண்டு போய்க் கேப்பேன்?"

தூது

வேறு வழியில்லை, நானே படியேறினேன். கதவைத் திறந்தவன் பெயர் பிரவீன், தரமணியில் வேலை. விஷயத்தைச் சொன்னேன். "குரூப்ல எங்களப் பத்தி எழுதினாங்களே, அந்த ஆன்ட்டியா?" என்றான். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். உள்ளே போய் மற்றவர்களோடு ஏதோ பேசினான். வாசலில் நின்ற நான், கிடந்த ஷூக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு ஜோடி. மாமி எழுதியதிலும் தப்பில்லை.

திரும்பி வந்து கேட்டான்: "காலைல எத்தனை மணிக்குக் கிளம்பணும்ணா?"

நாற்காலி

ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, இடுப்பைச் சுற்றிக் கட்ட மாமியின் பழைய புடவை. போகவும் வரவும் பையன்களில் இரண்டு பேர் தூக்க, ஏழுமலை முன்னால் நடந்து வழி சொல்வார். கீழே அன்று லிஃப்டில் மாட்டிக்கொண்ட வெள்ளைக் கார்க்காரர் வண்டியைக் கிளப்பித் தயாராக வைத்திருப்பார். பையன்கள் முறை போட்டுக்கொண்டு வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள்.

முதல் நாள் சேஷாத்ரி சார் வெட்கத்தில் கண்ணையே திறக்கவில்லை. திரும்பி ஏறும்போது மூன்றாவது மாடியில் மூச்சு வாங்க நாற்காலியை இறக்கி வைத்தபோதுதான் மெல்லச் சுற்றிப் பார்த்தார்.

"பதினோரு வருஷமா இங்க இருக்கேன். மூணாவது மாடி எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்."

லிஃப்ட் ஓடியது

பதினாறாம் நாள் டயாலிசிஸுக்குப் புது லிஃப்ட் தயார். நானே நாலாவது மாடியில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சார் மாமியின் தோளைப் பற்றி வந்தார். வழக்கமான நேரத்துக்குப் பிரவீனும் ஒரு நண்பனும் படியேறி வந்து நின்றார்கள்.

"இனிமே உங்களுக்குச் சிரமம் இல்லப்பா, லிஃப்ட்தான் வந்துடுத்தே. நீங்க ஆபீசுக்குக் கிளம்புங்கோ" என்றார் மாமி. சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பை முறுக்கினார். சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல காரியம் செய்துவிட்டுத் திருடனைப்போல் நின்றேன் நான்.

பிரவீன் லிஃப்டுக்குள் ஏறிச் சாருக்குக் கையை நீட்டினான்.

"லிஃப்ட் வந்தா நாங்க வரக்கூடாதா ஆன்ட்டி?"

ஒரு லிஃப்டை ஓடவிட்டதற்காக நான் வருத்தப்பட்டது என் சர்வீசில் அந்த ஒரு தடவைதான், அதுவும் அரை நிமிஷம்கூட நிலைக்கவில்லை.