ஆபரேட்டர் அம்மாவின் தொண்டை

முதலில் போனது வணக்கத்தின் பின்பாதி. காலை எட்டரைக்கு சுவிட்ச்போர்டின் முன்னால் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கம்பெனி பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தால், 'வண' மட்டும் வெளியே வந்தது. மிச்சம் காற்றாகப் போயிற்று. சளி என்று நினைத்து மிளகுப்பால் குடித்தேன். இரண்டு மாதம் கழித்தும் சளி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

அது எண்பதுகளின் பின்பாதி. வீடு குரோம்பேட்டையில். அங்கிருந்து பஸ்ஸில் சிறிது தூரத்தில் இருந்த ஓர் இன்ஜினியரிங் கம்பெனியில் நான் எட்டு வருடமாக டெலிபோன் ஆபரேட்டர். நான்கு வெளி லைன்கள், நாற்பது உள் லைன்கள், நடுவில் நான். கேன்டீனிலும் 'ஆபரேட்டர் அம்மா' தான், கேட்டிலும் அதேதான். எனக்கு அதில் பெருமை. தங்கை கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் அதை அச்சடித்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தவள் நான்.

என் கணவர் சாமுவேல் பள்ளி ஆசிரியர். அவர்தான் விடாப்பிடியாகத் தாம்பரத்தில் ஒரு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போனார். அந்த அம்மையார் காம்பு நீண்ட சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். குரல்நாண்களில் (தொண்டைக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் இரண்டு மடிப்புகள்) ஒன்றின் மேல் பாலிப் (சிறிய சதை வளர்ச்சி) இருப்பதாகச் சொன்னார்.

"மூணு வாரம் பேசவே கூடாது."

"மேடம், என் வேலையே பேசறதுதான்."

"அதனாலதாம்மா சொல்றேன்."

நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். எனக்குப் பதிலாக ஒரு புதுப் பெண்ணைப் போட்டார்கள். லீவு எடுக்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று வாரமும் கிசுகிசுத்தே வேலை சொல்லிக்கொடுத்தேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. லைனில் ஆள் காத்திருக்கும்போது மவுத்பீஸைக் கையால் மூடிக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுப்போம். அதைப் பேச்சில் சேர்ப்பதே இல்லை. ஆகவே மருத்துவர் சொன்னதை அச்சுப் பிசகாமல் கடைப்பிடிப்பதாகவே நம்பினேன்.

மறுபடி கண்ணாடியை விட்டுப் பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கிசுகிசுத்தா நாண் இன்னும் இறுகும்மா. சாதாரணமாப் பேசியிருந்தாக்கூட இவ்வளவு வீங்கியிருக்காது." அறுவை சிகிச்சை என்று முடிவாயிற்று. எடுக்கும் சதையை பயாப்ஸிக்கு (புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) அனுப்புவதாகச் சொன்னார். பிறகு மெதுவாக இன்னொன்றும் சொன்னார். பழைய குரல் வராமல் போகலாம். வந்தாலும் நாள் முழுக்கப் பேசும் வேலை ஆகாது.

பயாப்ஸியைவிட அதற்குத்தான் பயந்தேன். இது பைத்தியக்காரத்தனம் என்று அப்போதே தெரியும். ஆனால் ஆபரேட்டர் இல்லையென்றால் நான் யார் என்ற கேள்வியைத் தாண்டி என்னால் யோசிக்க முடியவில்லை.

மயக்க மருந்து ஏறும்போது எல்லா லைன்களும் ஒரே சமயத்தில் அடித்தன. எழுந்து எடுக்கப் பார்த்தேன். பிறகு ஒவ்வொன்றாக ஓய்ந்தன. விழித்தபோது ஜன்னலில் வேப்பங்கிளை ஆடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் மட்டும் கேட்டது.

பயாப்ஸி முடிவு நல்லபடியாக வந்தது. அதன்பின் மூன்று வாரம் முழு மௌனம். கிசுகிசுப்பும் கூடாது. சாமுவேல் பள்ளியிலிருந்து ஒரு சிலேட்டுக் கொண்டுவந்தார். "முப்பது பிள்ளைங்களை அமைதியா உட்கார வெச்சிருக்கேன், உன்னை முடியலையே" என்று சிரித்தார். நான் சிலேட்டில் பெரிதாக 'போங்க' என்று எழுதிக் காட்டினேன்.

அந்த மூன்று வாரத்தை எப்படிச் சொல்வது? மதியங்கள் நீண்டுகொண்டே போயின. மொட்டைமாடி நிழலில் உட்கார்ந்தால் திருநீர்மலை வெயிலில் மிதப்பதுபோல் தெரியும். மின்சார ரயில் போகும், வரும். எத்தனை போயின என்று தெரியாது. காதுக்குள் மட்டும் எட்டு வருடம் கேட்ட குரல்கள் தாமாக வந்து பேசின. இருமிவிட்டுப் பேசும் சேலத்துக்காரர், பெயரைச் சொல்லாமலே சண்டைக்கு வருபவர், பின்னால் எப்போதும் தையல் மெஷின் ஓடும் வீட்டுக்காரர். முகமே பார்க்காத அவர்கள் எல்லோரும் என் மொட்டைமாடியில் இருந்தார்கள். பதில் சொல்லவேண்டிய அவசரம் எனக்கு இல்லை. அது சுகமாக இருந்தது.

ஒருநாள் கம்பெனியின் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் செல்வராஜ் வியர்க்க விறுவிறுக்க வந்தார்.

"அக்கா, தகடு அழுத்துற பெரிய பிரஸ் மெஷின் நின்னுபோச்சு. அம்பத்தூர் மெக்கானிக் தனபால்தான் அதைத் தொடணும். அவர் நம்பருக்குப் போட்டா மருந்துக்கடையில எடுத்து, ராங் நம்பர்னு வெச்சிடறான். ரெண்டு நாளா இதே பேஜார்."

தனபாலுக்குச் சொந்த போன் இல்லை. கீழ்வீட்டு மருந்துக்கடை போன்தான் அவருக்கு பிபி நம்பர், அதாவது அங்கே கூப்பிட்டால் அவரை அழைத்துவிடுவார்கள். நான் சிலேட்டை எடுத்தேன். 'கடைக்காரருக்கும் தனபாலுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பதினொரு மணிக்கு மேல் கடைக்காரரின் மனைவி கடையில் இருப்பார்.' அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். 'முதலில் அந்த அம்மாவிடம் அவர் மகள் படிப்பைப் பற்றி விசாரி. பிறகு தனபாலைக் கேள். உடனே கூப்பிடுவார்.'

செல்வராஜ் சிலேட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இதெல்லாம் எந்த ரெஜிஸ்டர்லக்கா இருக்கு?"

சத்தம் வராமல் சிரித்தேன். அன்று மதியமே தனபால் வந்து பிரஸ்ஸைச் சரிசெய்துவிட்டார்.

செல்வராஜ் போனபிறகு சிலேட்டை வெகுநேரம் மடியிலேயே வைத்திருந்தேன். ஒரு சொல்கூடப் பேசாமல் என் வேலையைச் செய்திருக்கிறேன். வணக்கம் சொல்வதும் லைன் கொடுப்பதும்தான் என் வேலை என்று நானே நம்பியிருந்தேன். யாரை, எப்போது, எப்படிப் பிடிப்பது என்று தெரிந்துவைத்திருந்ததற்கு யாரும் ஒரு பதவிப் பெயர் வைக்கவில்லை. நானும் அதைக் கவனித்ததில்லை.

மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில் ஆபரேட்டர் என்ற சொல்லே இல்லை. எனக்கு என்னென்ன தெரியும் என்று மட்டும் எழுதினேன். பர்ச்சேஸ் பிரிவில் ஒரு மேஜை கொடுத்தார்கள். நியமன ஆர்டரில் 'கிளார்க்' என்று போட்டிருந்தார்கள். அது வலித்தது. முதல் சில வாரம் சுவிட்ச்போர்டு அறையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனேன்.

குரல் திரும்பி வந்தது, ஆனால் தாழ்ந்து, கரகரத்து. போனில் சாமுவேலின் அம்மாவே என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பத்து நிமிடம் பேசினால் இருபது நிமிடம் ஓய்வு என்பது மருத்துவர் விதித்த கணக்கு. இடையிடையே தண்ணீர். உங்களுக்கும் இப்படிச் சொல்லியிருந்தால், தயவுசெய்து கேளுங்கள்.

புதுப் பெண் தன்னால் சமாளிக்க முடியாத அழைப்புகளை என் மேஜைக்குத் தள்ளிவிடுவாள். அப்படி ஒருநாள் செங்குன்றத்திலிருந்து லாரி புக்கிங் முனுசாமி லைனில் வந்தார். எட்டு வருடப் பழக்கம்.

"இன்னாம்மா, லோடு வந்து கேட்டாண்ட நிக்கிது, ஸ்டோர்ஸ்ல ஒருத்தனும் போன் எடுக்க மாட்றான். அந்தப் பழைய ஆபரேட்டர் அம்மா இருந்தா இந்நேரம் ஆளப் புடிச்சிக் குடுத்திருக்கும். பாவம், தொண்டையில நோவு வந்து செத்துப் போச்சாம்."

கண் நிறைந்துவிட்டது. சிரிப்பும் வந்தது. "இருங்கண்ணா" என்றேன். வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் ஸ்டோர்ஸ்காரர் எதிர் டீக்கடையில் இருப்பார். கேட் வாட்ச்மேனிடம் சொல்லி அவரை வரவழைத்தேன்.

"ஆள் வந்துகிட்டே இருக்கார்ண்ணா."

"அட, நீயும் அந்தம்மா மாதிரியே கீறியே! உம் பேரு இன்னாம்மா?"

எட்டு வருடத்தில் அவர் அதைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி வயிறுவரை மூச்சை இழுத்தேன். தொண்டை மெல்லத் திறப்பது தெரிந்தது. லைனின் இரைச்சலில் முனுசாமி பொறுமையாகக் காத்திருந்தார்.

"எஸ்தர்" என்றேன். என் பெயரைச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.