கண்ணாடியை உடைத்தவனைக் காட்டு, தாயே

எழுபத்து நாலாம் வருஷம், ஆடி மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை. பகல் ஒரு மணி இருக்கும். டீ குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், டாக்டரம்மாவின் காரில் என் ஸீட்டுக்கு நேரே இருந்த முன்கண்ணாடி விரிசல் விட்டுக் கிடக்கிறது. கீழ் மூலையில் ஆரம்பித்து, பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி வளைந்து வளைந்து மேலே போயிருந்தது கீறல்.

வெள்ளிதோறும் இந்த விளக்கின் முன்னால் கூடும் அன்பர்களே, டிரைவர் வேலாயுதமாகிய எனக்குப் பேசத் தெரியாது. கேள்வி கேட்கத்தான் தெரியும். எதைப் பார்த்தாலும் இது ஏன், அது எப்படி என்று குடைவேன். "உன்னோடு பஸ்ஸில் போனால் கண்டக்டரே இறங்கி ஓடிவிடுவார்" என்று என் வீட்டுக்காரி சொல்லுவாள். அப்பேர்ப்பட்ட நான் அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதனால் ஒரு மனிதரின் பிழைப்பே போகப் பார்த்தது. நம் எல்லையம்மன் என் காதைத் திருகி என்னைத் திருப்பிய கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

டாக்டரம்மா செங்கல்பட்டில் வைத்தியம் பார்ப்பவர். வெள்ளிக்கிழமை மட்டும் திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் போய், அதற்கும் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் நோயாளிகளைப் பார்ப்பார். வண்டி அவருடைய அப்பா காலத்தில் சீமையிலிருந்து வந்தது. முதுகு உருண்டையாக இருக்கும். ஊரில் அதை 'ஆமை' என்பார்கள். முன்கண்ணாடி ஒரே துண்டு இல்லை. நடுவில் ஒரு தண்டு, இரண்டு பக்கமும் தட்டையாக இரண்டு துண்டு. அந்த மாடலே நின்றுபோய் வெகுகாலம் ஆகிவிட்டதால் உதிரிச் சாமான் எதுவும் கிடைக்காது. அதனால் வண்டியைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வேன். வெள்ளி தவறாமல் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, மஞ்சள் தண்ணீர் தெளிப்பேன். அன்று ஆடி வெள்ளி என்பதால் குப்பத்திலேயே நடுப்பகலில் பூஜையை விமரிசையாகச் செய்தேன். பூஜை முடிந்து கால் மணி நேரத்தில் கண்ணாடி போய்விட்டது.

யார் செய்தது? யோசிக்கவே இல்லை நான். தேசிங்குதான்.

தேசிங்கு அந்தக் குப்பத்துக்காரர். கட்டுமரம் வைத்திருந்தார். முந்தின வாரம் அவர் காயப் போட்டிருந்த வலைமேல் தெரியாமல் என் வண்டியின் பின்சக்கரம் ஏறிவிட்டது. மனிதர் பாய்ந்து வந்தார்.

"யோவ் டிரைவரே! கண்ணு இன்னா பொடனியிலயா கீது? இன்னொரு தபா ஏத்துனே, கண்ணாடிய ஒடச்சிப்புடுவேன்!"

ஊரே கேட்டது அதை. இதைவிடச் சாட்சி என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

"நீங்க கண்ணால பாத்தீங்களா, வேலாயுதம்?" என்றார் டாக்டரம்மா.

"பாக்கணுமாம்மா? அவன் வாயாலயே சொன்னானே" என்றேன்.

"அப்ப இந்தப் பேச்சை விடுங்க" என்றார் அவர். நான் விடவில்லை. மறுநாள் அவருக்குச் சொல்லாமல் பஸ் ஏறிப் போய் ஊர்ப் பஞ்சாயத்தில் புகார் சொன்னேன். வாரம் தவறாமல் வந்து தங்கள் பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கிற அம்மாவின் வண்டி அது. பஞ்சாயத்துக்கு அவமானமாகப் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தீர்ப்பு, அதுவரை தேசிங்கு கட்டுமரத்தைத் தண்ணீரில் இறக்கக் கூடாது என்றார்கள். குற்றம் உறுதியானால் ஒரு வருஷம் அந்தக் கரையில் அவருக்குத் தொழில் கிடையாது. ஊர்க்கட்டுப்பாடு என்றால் அங்கே அவ்வளவுதான், அப்பீல் கிடையாது.

நான் திரும்பும்போது பச்சையம்மாள் வழி மறித்தாள். தேசிங்கின் மனைவி. எட்டு மாத வயிறு.

"அண்ணாத்த, எம் புருஷன் குடிக்கும், சண்ட போடும், எல்லாம் மெய்தான். ஆனா திருட்டுத்தனமா ஒளிஞ்சினு கல்லு வுடாது. செஞ்சா மூஞ்சிக்கு நேரா செய்யும். நீ நல்லா பாத்தியா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

அன்று மாலை நம் எல்லையம்மன் கோயிலுக்குப் போனேன். காசு வெட்டிப் போட்டேன். அநியாயம் செய்தவன் பேரில் காசை இரண்டாக வெட்டிச் சன்னிதியில் போட்டால் அம்மன் சும்மா விடமாட்டாள் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். தேசிங்கின் முகத்தை மனதில் வைத்துக்கொண்டு உளியால் ஒரே போடு போட்டேன். "தாயே, கண்ணாடியை உடைத்தவனைக் காட்டு. மூன்று நாளில் காட்டு. அவன் கண் அவியட்டும், கை விழட்டும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் நின்ற பூசாரி, "பாத்து வேண்டு வேலாயுதம்" என்றார். பார்த்துதான் வேண்டுகிறேன் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஷெட்டில் அந்தக் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் பழைய புத்தி மெல்லத் தலைநீட்டியது. கல் பட்டிருந்தால் பட்ட இடம் எது? விரலால் தடவினேன். வெளியே வழவழ, உள்ளே வழவழ. ஒரு பொட்டுக்கூட இல்லை. கீறல் ஏன் நடுவில் ஆரம்பிக்காமல் மூலையில் ஆரம்பித்தது? மனசுக்குள் என்னவோ நெருடியது. 'தேசிங்கு கெட்டிக்காரன், தடம் தெரியாமல் அடித்திருக்கிறான்' என்று நானே எனக்குப் பதில் சொல்லிக்கொண்டேன். கோபம் வந்தவனுக்கு எந்தப் பதிலும் போதும்.

திங்கட்கிழமை காலை வண்டியைக் கண்ணாடி பாயிடம் கொண்டுபோனேன். செங்கல்பட்டில் எந்த வண்டிக்குக் கண்ணாடி போனாலும் அவர்தான். பாய் கண்ணாடியோடு கன்னத்தை ஒட்டிப் பக்கவாட்டில் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"யாரு நைனா சொன்னது கல்லுன்னு? கல்லு பட்டா பட்ட எடத்துல ஒரு புள்ளி இருக்கும். அங்கேந்து சிலந்திக் கூடாட்டம் நாலா பக்கமும் ஓடும். இது ஓரத்துலேந்து கெளம்பிக்கீது. இது சூட்டு வெடிப்பு."

"வெயிலா பாய்?"

"வெறும் வெயிலு இப்படிப் பண்ணாது." கீழ் மூலையில் ரப்பரை நெம்பி விரலை விட்டு எடுத்தார். விரல் நுனியில் கரி. முகர்ந்து பார்த்தார். என் மூக்கருகே நீட்டினார். "இங்க இன்னா எரிச்சே?"

கற்பூர வாசனை.

அன்பர்களே, அந்த வெள்ளியின் பூஜையை நினைத்துப் பார்த்தேன். மற்ற வெள்ளிகளில் வீட்டு வாசலில், விடியற்காலையில், சின்ன வில்லை ஒன்றைத்தான் ஏற்றுவேன். அன்றைக்குக் கடல் காற்று கற்பூரத்தை அணைத்துக்கொண்டே இருந்தது. அணைந்தால் அபசகுனமாயிற்றே! கற்பூரத் தட்டை பானெட் மேல் வைத்து, கண்ணாடியின் மூலையோடு ஒட்டி நகர்த்தினேன். ஆடி வெள்ளி ஆயிற்றே என்று எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி வைத்தேன். அது முழுக்க எரிந்து முடிந்ததும் குளிர்ந்த மஞ்சள் தண்ணீரை அந்த மூலையில் ஒரு சொம்பு அப்படியே ஊற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் டீ குடிக்கப் போனேன்.

"இருக்காது பாய்" என்றேன்.

பாய் கடைக்குள் போய் வந்தார். ஒரு பழைய கண்ணாடித் துண்டை வெயிலில் சாய்த்து வைத்தார். ஓரத்தில் கற்பூரம் ஏற்றச் சொன்னார். எரிந்ததும் தண்ணீர் ஊற்றச் சொன்னார். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். ஓரத்திலிருந்து ஒரு கோடு வளைந்து வளைந்து மேலே போயிற்று. இன்னொரு துண்டு கேட்டேன். அதுவும் 'டிக்'. மூன்றாவதும் கேட்டேன். "என் கடைய காலி பண்ணப் போறியா நைனா?" என்றார்.

முதலில் எனக்கு, சொன்னால் வெட்கம், ஒரு சந்தோஷம்தான் வந்தது. தெரிந்துவிட்டதே! எப்படி என்று தெரிந்துவிட்டதே! அடுத்த நொடி காசு ஞாபகம் வந்தது. கண் அவியட்டும், கை விழட்டும். பாய் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாள் கேட்டேன். தாய் இரண்டே நாளில் காட்டிவிட்டாள், என்னை.

கோயிலுக்கு ஓடினேன். பூசாரி தலையில் அடித்துக்கொண்டார். "வெட்டின காச நீ எடுத்தா செல்லாது. யார நெனச்சி வெட்டினியோ, அந்த ஆளே வந்து அம்மாகிட்ட ஒனக்காகக் கேக்கணும். வேற வழி கெடையாது" என்றார்.

உண்மையைச் சொல்லுகிறேன், அன்று மனசு கெட்ட வழியில் போயிற்று. பாயையும் பூசாரியையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டால் டாக்டரம்மா முன்னால் தலை குனிய வேண்டாம், குப்பத்தில் செருப்படி வாங்க வேண்டாம். பரிகாரம் வேறு எங்காவது செய்துகொள்ளலாம். ஆனால் கண்ணை மூடினால் பச்சையம்மாளின் வயிறுதான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை காலை டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "வண்டியை எடுங்க, நானும் வரேன்" என்றார். பாயையும் கூட்டிக்கொண்டோம்.

சாயங்காலம் ஊர் கூடியிருந்தது. தேசிங்கு ஓரமாகக் குந்தியிருந்தார். நான்கு நாளாகக் கடலுக்குப் போகாத முகம். நான் நடுவில் போய் விழுந்து, "தேசிங்கு மேல தப்பு இல்ல. கண்ணாடிய ஒடச்சது நான்தான்" என்றேன்.

யாரும் நம்பவில்லை! தேசிங்கு மிரட்டி என்னை இப்படிச் சொல்ல வைத்திருக்கிறார் என்றார் ஊர்த் தலைவர். பாய் எழுந்து, கையோடு கொண்டுவந்திருந்த கண்ணாடித் துண்டுகளில் ஒன்றை எடுத்தார். வெயில் தாழ்ந்துவிட்டதால் அடுப்பில் காட்டிச் சூடேற்றினோம். கற்பூரம். தண்ணீர். 'டிக்'. கூட்டம் நெருங்கி வந்தது. பிறகு பின்னாலிருந்து ஒருவர், "இன்னொரு தபா செய் பாய்" என்றார். தலைவரே முன்னால் வந்து குனிந்து பார்த்தார். மூன்று துண்டு உடைந்த பிறகுதான் விட்டார்கள்.

வெட்டிப் போட்ட காசைப் பற்றியும் சொன்னேன். பச்சையம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சொந்தக் காசுல சூனியம் வெச்சிக்கறதுன்னு சொல்லுவாங்க. இன்னிக்குத்தான் கண்ணால பாக்குறேன்."

ஊரே சிரித்தது. தேசிங்கு சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தார். அடிக்கப் போகிறார், அடிக்கட்டும் என்று நின்றேன். "நாலு நாளு. நாலு நாளு மீனு ஓடிச்சுய்யா. நான் கரையில குந்தினு பாத்துகினு இருந்தேன்" என்றார். சட்டையை விட்டார். நான் அழுதுவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். "சரி, இப்ப அந்தக் காசு ஒன்ன இன்னா செய்யும்?"

பூசாரி சொன்னதைச் சொன்னேன். வாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"கடல்ல பாடு முடிச்சினு வர்ற வியாயக்கெழம வரேன்" என்றார் அவர்.

வியாழக்கிழமை பகல் பஸ்ஸில் வந்து இறங்கினார். அப்போது பாய் கடையில் நாங்கள் திண்டாடிக்கொண்டிருந்தோம். கழித்துப்போட்ட ஒரு பஸ்ஸின் தட்டைக் கண்ணாடியில் பாய் அளவாக ஒரு துண்டு வெட்டி வைத்திருந்தார். கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, ரப்பரின் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி, அதன் முனையை வண்டிக்குள் விட வேண்டும். ஒருவர் வெளியே நின்று கண்ணாடியை அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றை இழுத்தால் ரப்பர் தகரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எங்கள் பருத்திக் கயிறு இரண்டு முறை அறுந்துவிட்டது. தேசிங்கு பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மடியிலிருந்து வலை பின்னும் நைலான் கயிற்றை எடுத்தார்.

"இத்தப் போடு பாய். சுறா இழுத்தாலே அறுவாது."

அவரே உள்ளே ஏறி உட்கார்ந்தார். நான் வெளியே நின்று இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினேன். சோப்புத் தண்ணீர் வழிய வழிய, வலை இழுக்கிற மாதிரி சீராக இழுத்தார். கண்ணாடி பொருந்திக்கொண்டது. அவர் முகம் அந்தப் பக்கம், என் முகம் இந்தப் பக்கம். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அங்கிருந்து நேரே கோயிலுக்குப் போனோம். என்ன வேண்டிக்கொள்ள வேண்டும் என்று பூசாரி சொல்லிக்கொடுக்கப் போனார். தேசிங்கு கையைக் காட்டி நிறுத்திவிட்டு அம்மனைப் பார்த்துப் பேசினார்.

"தாயே, நான் செய்யல, ஒனக்குத் தெரியும். இந்த ஆளும் வேணும்னு செய்யல, அதுவும் ஒனக்குத் தெரியும். கண்ண வுட்டுடு, கைய வுட்டுடு. வண்டி ஓட்டுற மனுசன். எம் பொண்டாட்டி மாசமா கீது, டாக்டரம்மாவ இவுருதான் இட்டுகினு வரணும்."

அன்பர்களே, எனக்காக என் அம்மா வேண்டியிருப்பாள், என் மனைவி வேண்டியிருப்பாள். நான் கெடுக்க நினைத்த ஒரு மனிதர் எனக்காக வேண்டியதை அன்றுதான் காதால் கேட்டேன். சாபம் நீங்கிற்று என்று சொல்லிப் பூசாரி அந்த இரண்டு துண்டுக் காசையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

அடுத்த மாதம் கொட்டுகிற மழையில் பச்சையம்மாளை அதே வண்டியில்தான் செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்தேன். புதுக் கண்ணாடியில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

இது நடந்து நான்கு வருஷம் ஆகிறது. இப்போது வண்டிக்குப் பூ மட்டும் வைக்கிறேன், கற்பூரம் கோயிலில்தான். யார் மேலாவது கோபம் வந்தால் முதலில் போய்ப் பார்க்கிறேன், தடவிப் பார்க்கிறேன், கேட்டுப் பார்க்கிறேன். காசு வெட்டுவதை அடியோடு விட்டுவிட்டேன். உங்கள் மனதிலும் யார் முகமாவது இருந்தால், இன்றைக்கு இந்த விளக்கின் முன்னால் நீங்களும் அவளிடமே கேளுங்கள். கட்டாயம் காட்டுவாள். அவள் காட்டுவது உங்களையே என்றால் பயந்து ஓடிவிடாதீர்கள். நான் ஓடப் பார்த்தவன். ஓடியிருந்தால் அந்தக் குழந்தை பிறந்தபோது அதன் அப்பனுக்குக் கடல் இருந்திருக்காது.